இருபது நிமிஷம்

பன்னிரண்டாயிரம் லிட்டரை முதுகில் கட்டிக்கொண்டு
ஊரைச் சுற்றுகிறவன் நான்.
எனக்குத் தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுத்தான்
தெற்குவாசல் மீன்கடைப் பையன்.

"கார்ப்பரேஷன் தண்ணின்னா ஒருநாள் வாளியில கெடக்கணும்ணே,
பிளீச்சிங் வாடை போகணும்.
போர்த் தண்ணி இதுக்குச் சேராது.
லாரித் தண்ணி வேண்டவே வேண்டாம்."

லாரி எதிர்ச்சந்தில்தான் நின்றது.
சாவியைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன்.
நூற்றிருபது ரூபாய்க்கு ஒரு ஃபைட்டர்.
நீலம். வால்நுனியில் மட்டும்
செம்பருத்தி காய்ந்த நிறம்.

துவரிமான் கிணற்றுத் தண்ணீர் நாக்கில் நிற்காது.
ஊமச்சிகுளம் பக்கம் ஒரு போர் இருக்கிறது,
அதில் குளித்தால் தலைமுடி கயிறு, பருப்பும் வேகாது.
ஒரு மடக்குக் குடித்து
எந்த ஏரியா என்று சொல்லிவிடுவேன்.
ஆனால் ஒரு வாளித் தண்ணீர்
ஒருநாள் முழுக்கச் சும்மா இருந்து
பார்த்ததில்லை.

அடுப்படி மூலையில் இருந்தது அது.
சுகந்தி இரண்டு தடவை சொம்பை விடப் போனாள்,
இரண்டு தடவையும் கத்தினேன்.
"பாத்திரம் பூராம் கெடக்கு,
இவரு வாளிக்குக் காவல்" என்றாள்.
தண்ணிக்காரன் வீடுதான்.
எங்களுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாய்.

டிவியை இறக்கிவிட்டு அந்த இடத்தில் தொட்டி.
இலக்கியா கூழாங்கற்களை மூன்று முறை கழுவி
நான்காம் முறை எண்ணவும் செய்தாள்.
மீனுக்குப் பேர் வைத்தாயிற்று:
டேங்கர்.

பையோடு மிதக்கவிட்டோம்.
உள்தண்ணீரும் வெளித்தண்ணீரும்
ஒரே சூட்டுக்கு வரவேண்டுமாம்.
பிளாஸ்டிக் மூலையில் மூக்கை வைத்து
நின்றது மீன்.
இந்தப் பக்கமும் தண்ணீர், அந்தப் பக்கமும் தண்ணீர்,
நடுவில் ஒரு ரூபாய் பெறாத பை.

போன் அடித்தது.
அண்ணா நகர் அபார்ட்மென்ட் செகரட்டரி.
"எங்கய்யா இருக்க? மோட்டார் காத்து வாங்குது.
மூணாவது மாடியில ஒருத்தர் சோப்போட நிக்கிறாரு."

"இருபது நிமிஷம் சார்."

பதினோரு வருஷமாக இதைத்தான் சொல்கிறேன்.
கப்பலூரில் நின்றாலும் இருபது நிமிஷம்.
லோடே ஏற்றாவிட்டாலும் இருபது நிமிஷம்.
சுகந்தியைப் பிரசவ வார்டுக்குள் தள்ளிக்கொண்டு போனபோதும்
யாரிடமோ அதையேதான் சொன்னேன்.
இன்று கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன்.
கணக்காக இருபது.
நம்பியிருக்க மாட்டார்.

ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தம்ளர்.
பைக்குள் ஊற்றுவது நான்,
நேரம் சொல்வது இலக்கியா.
தெருமுனையில் லாரியின் வால்வு
வழக்கம்போல் ஒழுகிக்கொண்டிருந்தது,
நாய்க்கு வசதி.

பையின் வாயைச் சாய்த்துப் பிடித்தேன்.
பாய்ந்து ஓடும் என்று நினைத்திருந்தோம்.
ஓடவில்லை.
"போ" என்றாள் இலக்கியா, ரகசியம் போல.
பாத்திரத்தை விட்டுவிட்டு
சுகந்தியும் வந்து நின்றாள், கை சொட்டச் சொட்ட.

அது ரிவர்ஸ் எடுத்தது.
சத்தியமாக. செதிளை மெல்ல அசைத்து,
வால் முதலில், உடல் அப்புறம்,
குறுகலான சந்திலிருந்து
பெரிய வண்டியை எடுப்பது போல.
கிளீனர் இல்லாமல் நான்கூட அப்படி எடுத்ததில்லை.

பிறகு பம்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.
போட்ட தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை.
"பிடிக்கலையாப்பா?"
எனக்கென்ன தெரியும்.

குருவிக்காரன் சாலைப் பக்கம் ஒரு வேகத்தடை.
எப்போதும் மூன்றாவது கியரில் தூக்கிப் போட்டு ஏறுவேன்.
இரண்டாவதுக்கு இறக்கினேன், ஏனென்று கேட்காதீர்கள்.
பின்னால் தண்ணீர் ஒருமுறை
புரண்டு படுத்தது.

செகரட்டரி வேட்டியை மடித்துக் கட்டி வாசலில் நின்றார்.
"இருபதுன்ன, நாப்பத்தஞ்சு ஆச்சு."
"தண்ணி ஆறணும்ல சார்."

ஹோஸை மாட்டினேன்.
அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
பிறகு குனிந்து
தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.